தென் இத்தாலியக் கரையில் ஒரு வசந்த விடுமுறை: திட்டமிடக் கற்போம்

(மேற்பிரிவு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான பாடக் கட்டுரை)

 

நாம் வாழும் பிரித்தானியாவில் வசந்த காலம் பிறக்கும்போது பாடசாலைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் விடுமுறை கிடைக்கின்றது. அவ்வேளையில் பல குடும்பங்கள் வெயிலைத் தேடித் தென் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்கின்றன. பெற்றோர் பயணச்சீட்டு வாங்குகின்றனர்; பிள்ளைகள் பெட்டியில் உடைகளை அடுக்குகின்றனர். ஆனால் அப்பயணத்தைத் திட்டமிடுதல் ஒரு கல்வி என்பதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புவியியல், வரலாறு, கணிதம், மொழி ஆகிய நான்கு பாடங்களும் ஒருங்கே கலந்த கல்வி அது. இத்தாலியின் தென்மேற்குக் கரையில் உள்ள கம்பானியா என்னும் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கல்வியை இக்கட்டுரையில் பயில்வோம்.

முதலில் எங்கள் குடும்பம் செய்த ஒரு பிழையைக் கூறிவிடுகின்றேன். படச்சுருள் போட்டுப் படமெடுத்த காலத்தில் நாங்கள் இதே கரைக்கு முதன்முறையாகச் சென்றோம். என் தாயாரும் உடன் வந்தார். ஐந்து நாட்களில் ஏழு ஊர்களைப் பார்க்கும்படி திட்டம் வகுத்தவள் நான்தான். அமால்ஃபி என்னும் ஊரின் பெரிய தேவாலயத்துக்கு ஏறத்தாழ அறுபது படிகள் உண்டு. படிகளின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த அம்மா, "நீங்கள் போயிட்டு வாங்கோ, பைகளை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேறு வேறு ஊர்களில் அதே சொற்களைச் சொன்னார். வீடு திரும்பிப் படங்களைக் கழுவி எடுத்தபோது என் இளைய மகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மம்மாவும் எங்களோட வந்தவதானே? ஏன் ஒண்டிலயும் இல்லை?" என்று கேட்டாள். விமான நிலையத்தில் எடுத்த படத்தைத் தவிர வேறெதிலும் அம்மா இல்லை. அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நம் வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. எனினும் செயல், வலி, காலம், இடம் என்னும் அந்த ஒழுங்கு ஒரு குடும்பப் பயணத்துக்கும் பொருந்துவதே. நான் அன்று இடத்தில் தொடங்கினேன், வலியை எண்ணவேயில்லை. இனி அந்த ஒழுங்கின்படியே செல்வோம்.

1. செயல்: எதற்காகச் செல்கிறோம்?

கம்பானியாவின் தலைநகரம் நாப்பொலி. ஆங்கிலத்தில் நேப்பிள்ஸ் என்பர். கிரேக்கக் குடியேறிகள் இட்ட 'நெயாபொலிஸ்' என்ற பெயரின் திரிபு அது. 'புதிய நகரம்' என்பது பொருள். நகருக்குக் கிழக்கே 1,281 மீற்றர் உயரமான வெசூவியஸ் எரிமலை நிற்கின்றது. கி.பி. 79இல் அது வெடித்தபோது பொம்பேயி, ஹெர்குலானியம் முதலிய ஊர்கள் மண்மூடிப் போயின. அது இறுதியாகக் குமுறியது 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்.

கி.பி. 79இன் அழிவை நேரிற் கண்டு எழுதிவைத்தவர் இளைய பிளினி. அப்போது அவருக்கு வயது 17. தாய்மாமனாகிய மூத்த பிளினி கடற்படைத் தலைவர். மக்களை மீட்கக் கப்பலேறியவர் திரும்பி வரவில்லை. மருமகனோ மாமன் கொடுத்த பாடத்தை எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தமையால் உயிர் தப்பினார். வீட்டுப்பாடத்தை வெறுக்கும் மாணவர்கள் இதனைச் சற்றே நினைவிற் கொள்க!

அந்த மூத்த பிளினிக்கும் நம் தாயகக் கரைகளுக்கும் தொடர்பு உண்டு. காரத்தைத் தவிர மிளகில் விரும்பத்தக்கது வேறென்ன இருக்கின்றது என்று வியந்து எழுதியவர் அவர். இந்தியப் பண்டங்களுக்காக உரோமரின் செல்வம் ஆண்டுதோறும் வெளியேறுவதைக் கண்டு குறைப்பட்டவரும் அவரே. யவனரின் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகின்றது. பாண்டிய மன்னன் யவனர் கொணர்ந்த மதுவை அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டிற் காண்கிறோம். இவை கவிஞரின் கற்பனை அல்ல. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோமரின் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் மண்ணிலே கரிய எரிமலை மணல் கலந்திருக்கின்றது. அது நாப்பொலி வளைகுடாப் பகுதியின் மண். கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளிலும் அத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன.

ஆகவே, எதற்காகச் செல்கிறோம் என்னும் வினாவுக்கு எங்கள் குடும்பம் பின்னாளில் எழுதிக்கொண்ட விடை இது: 'நம் முன்னோரோடு வாணிகம் செய்த மக்களின் கரையை மூன்று தலைமுறையினரும் சேர்ந்து பார்த்து வருதல்.' இவ்வாக்கியத்தில் முக்கியமான சொல் 'சேர்ந்து' என்பதாகும். உங்கள் குடும்பத்தின் நோக்கம் வேறாக இருக்கலாம். அதனை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பின்னர் எழும் ஐயங்கள் பலவற்றை அவ்வாக்கியமே தீர்த்துவைக்கும்.

2. வலி: யார் யார் செல்கிறோம்?

குடும்பத்தின் வலிமை என்பது அதில் மிக வேகமாக நடப்பவரின் வலிமை அன்று. மிக மெதுவாக நடப்பவரின் வலிமையே. இதனை மூன்று வகையாகக் கணக்கிட வேண்டும்.

முதலாவது, கால்களின் வலிமை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, குடும்பத்தில் மூத்தவரும் மிக இளையவரும் களைப்பின்றி எவ்வளவு நேரம் நடக்கின்றனர் என்பதைப் பூங்காவொன்றில் நடந்து பாருங்கள். அவ்வளவே ஒரு முற்பகலின் அளவு. அதற்கு மேற்பட்டவை எல்லாம் புகையிரதம், படகு, வாடகை வாகனம் ஆகியவற்றின் பொறுப்பு. மூத்தோரிடம் "நடக்க ஏலுமோ?" என்று கேட்டால் "ஏலும்" என்றே விடை வரும். பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடாது என்பது அவர்தம் எண்ணம். ஆதலால் கேளாது, உடன் நடந்து அறிதலே நன்று.

இரண்டாவது, ஆவணங்களின் வலிமை. பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோர் இத்தாலிக்குள் புகும் நாளில் அச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் நிறைவுற்றிருக்கக் கூடாது; அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த முறையின்படி, எல்லையில் முகப்படமும் விரல் அடையாளமும் பதியப்படுகின்றன. 12 வயதுக்குட்பட்டோரிடம் விரல் அடையாளம் பெறுவதில்லை.

நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டும் மூத்தோரிடம் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டும் உள்ளன. அவர்களுக்குச் செங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். 2024 ஜூன் 11 முதல் வளர்ந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். விண்ணப்பம் கொடுப்பதற்கான நேரம் வசந்த விடுமுறைக்கு முன் எளிதிற் கிடைப்பதில்லை. எனவே அம்மம்மாவின் விசாவுக்கு நேரம் குறித்த பின்னரே மற்றவரின் விமானச்சீட்டைப் பற்றி எண்ணத் தொடங்குக. சீட்டை முதலில் வாங்கிவிட்டு, விசா கிடைக்காதபோது, "அடுத்த முறை கூட்டிக்கொண்டு போறம்" என்று சொல்லிச் சென்ற குடும்பங்களை நான் அறிவேன். எழுபது வயதைக் கடந்தவருக்கு அடுத்த முறை என்பது எளிதில் வாய்ப்பதன்று.

மூன்றாவது, பணத்தின் வலிமை. செலவை ஐந்து தலைப்புகளில் பிரித்து எழுதுக: விமானம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, உணவு, நுழைவுக் கட்டணம். அவற்றின் கூட்டுத்தொகையிற் பத்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குக. இத்தாலிய ஊர்கள் பலவற்றில் ஆள் ஒருவருக்கு இரவு ஒன்றுக்கென விதிக்கப்படும் சுற்றுலா வரியை விடுதியில் தனியாகச் செலுத்தவேண்டும் என்பதையும் மறவற்க. நற்செய்தி ஒன்றும் உண்டு: இத்தாலிய அரசுக்குரிய அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயதுக்குட்பட்டோர் எந்நாட்டினராயினும் கட்டணம் இல்லை. வயதைக் காட்டப் பிள்ளைகளின் கடவுச்சீட்டு கையில் இருத்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் வதிவோர் இலவசமாகப் பெறக்கூடிய உலகளாவிய மருத்துவக் காப்பு அட்டை இத்தாலிய அரச மருத்துவமனைகளில் உதவும். எனினும் அது பயணக் காப்புறுதிக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும். மூத்தோரின் மருந்துகளை மருத்துவர் கொடுத்த சீட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள். அவசர உதவிக்குரிய தொலைபேசி எண் 112.

3. காலம்: எப்போது செல்வது?

ஏப்ரல் மாதத்தில் நாப்பொலிப் பகுதியின் பகல் வெப்பம் ஏறத்தாழ 18 பாகை. இரவில் 10 பாகை அளவிற்கு இறங்கும். இடையிடையே மழையும் பெய்யும். கடல் நீர் இன்னும் குளிராகவே இருக்கும். எனவே இது நீந்தும் காலம் அன்று, நடக்கும் காலம். கோடையின் கடும் வெயில் இல்லாமையால் மூத்தோருக்கும் சிறுவருக்கும் ஏற்ற காலம் இதுவே. மெல்லிய கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் அனைவருக்கும் தேவை.

உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் மாறி வரும். 2026இல் அது ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. 2028இல் ஏப்ரல் 16. அதற்கு மறுநாளான திங்கட்கிழமையை இத்தாலியர் 'பஸ்குவெத்தா' என்பர். அன்று குடும்பம் குடும்பமாக வெளியிடங்களுக்குச் செல்வது அவர்தம் மரபு. புகையிரதங்களும் சாலைகளும் நிரம்பி வழியும். ஆகவே அத்திங்கட்கிழமை கழிந்து செவ்வாயன்று அங்கு போய்ச் சேருதல் அறிவுடைமை. ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். மே 1 தொழிலாளர் நாள். இவையும் பொது விடுமுறைகள். சில ஆண்டுகளில் நம் சித்திரைப் புத்தாண்டும் இப்பயண நாட்களுக்குள் வரும். அவ்வாறு வந்தால் விடுதி அறையிலேயே ஒரு சிறு விளக்கேற்றும் படம் வைத்து, மூத்தோரிடம் கைவிசேடம் பெறுவதற்கான நேரத்தையும் அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

வாரத்தின் கிழமைகளையும் கவனித்தல் வேண்டும். நாப்பொலியின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படுவது வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு அரச அருங்காட்சியகங்களுக்கு அனைவரும் இலவசமாகச் செல்லலாம். ஆனால் கூட்டம் மிகும். பொம்பேயிக்கு நாளொன்றில் 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்னும் விதி 2024 நவம்பரில் வந்தது. நுழைவுச்சீட்டில் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்படும். எனவே முன்கூட்டியே வாங்குதல் நன்று.

4. இடம்: எங்கே தங்குவது?

எங்கள் முதற் பயணத்தில் மூன்று இரவுகள் மூன்று ஊர்களில் தங்கினோம். நாள்தோறும் பெட்டி கட்டுவதிலேயே முற்பகல் கழிந்தது. ஒரே ஊரிற் தங்கி, அங்கிருந்து சென்று மீள்வதே குடும்பத்துக்கு ஏற்றது.

நாப்பொலி பெருநகரம், இரைச்சலும் நெரிசலும் மிக்கது. பொசித்தானோ, அமால்ஃபி முதலிய கரையோர ஊர்கள் கண்ணுக்கு இனியவை. ஆனால் செங்குத்தான மலைச்சரிவில் அமைந்தவை. விடுதிக்குச் செல்லவே நூறு படிகள் ஏறவேண்டி வரலாம். இவற்றுக்கு மாறாக, நாப்பொலிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சலேர்னோ என்னும் துறைமுக நகரத்தை நான் பரிந்துரைப்பேன். கடலோரத்தில் சமதளமான நீண்ட நடைபாதை உண்டு. வடக்கே நாப்பொலிக்கும் தெற்கே பேஸ்தும் ஊருக்கும் புகையிரதங்கள் செல்கின்றன. அமால்ஃபிக்குப் படகு செல்கின்றது. அவ்வூருக்கு வெளியே உள்ள விமான நிலையத்தில் 2024 ஜூலை முதல் பயணிகள் விமானங்கள் வந்து செல்கின்றன. எனினும் பிரித்தானியாவிலிருந்து பெரும்பாலோர் நாப்பொலி விமான நிலையத்துக்கே செல்வர். விடுதியை ஒழுங்கு செய்யுமுன் கேட்கவேண்டிய முதல் வினா, "மின்தூக்கி உண்டா?" என்பதே.

வாடகைக்குக் கார் எடுப்பது எளிதெனத் தோன்றும். ஆனால் அமால்ஃபிக் கரையோரச் சாலை ஒடுங்கியது. 2022 முதல், உயிர்த்த ஞாயிறு வாரம் முதலிய நெரிசல் நாட்களில் வாகன இலக்கத்தின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்தே அச்சாலையில் ஓட்ட அனுமதி உண்டு. படகிற் செல்வதே நிம்மதி.

திட்டமிடுதலில் சேர்ப்பது போலவே விடுவதும் ஒரு பாடம். நாப்பொலிக்கு மேற்கே பொட்சுவோலி என்னும் ஊர் உள்ளது. உரோமரின் பெருந்துறைமுகமாக விளங்கிய அவ்வூரில் அன்னியுஸ் என்னும் வணிகக் குடும்பம் வாழ்ந்தது. அன்னியுஸ் புளோகமுஸ் என்பவரின் பணியாள் ஒருவர் கடற்காற்றில் அகப்பட்டு இலங்கையை அடைந்தார் என்று மூத்த பிளினி எழுதியுள்ளார். அங்குள்ள பழைய சந்தையின் மூன்று கற்றூண்களில், தரையிலிருந்து பல மீற்றர் உயரத்தில் கடற்சிப்பிகள் துளைத்த துளைகள் காணப்படுகின்றன. நிலம் கடலுள் தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்கு அவை சான்று. அந்நிலம் 2005 முதல் மீண்டும் உயர்ந்து வருகின்றது. 2025 மார்ச் 13இல் அங்கு 4.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. வரலாற்றில் விருப்பமுள்ள எனக்கு அவ்வூரைக் காணும் ஆவல் பெரிது. ஆயினும் சலேர்னோவிலிருந்து சென்று மீளப் பல மணி நேரம் வேண்டும். இடையில் வண்டி மாறவும் வேண்டும். சுவரில் ஒட்டிய வாக்கியத்தைப் பார்த்தேன். பொட்சுவோலியைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன்.

5. நாள்வாரித் திட்டம்

செவ்வாய்: நாப்பொலியில் இறங்கிப் புகையிரதத்தில் சலேர்னோ சேர்தல். அன்று வேறெதுவும் வேண்டாம்.

புதன்: சலேர்னோ. காலையில் கடலோர நடை. பின்னர் பெரிய தேவாலயம். நடுக்காலத்தில் ஐரோப்பாவின் புகழ்மிக்க மருத்துவக் கல்விக்கூடம் இந்நகரில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் திரோத்தா என்னும் பெண் மருத்துவர் இங்கு விளங்கினார். மேட்டிலுள்ள மினெர்வா மூலிகைத் தோட்டத்துக்கு வாடகை வாகனத்திற் செல்க. மூலிகைகளைக் கண்டால் மூத்தோர் தாமே ஆசிரியராவர்.

வியாழன்: பொம்பேயி. பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டயர். அதில் மூன்றிலொரு பங்கு இன்னும் அகழப்படவில்லை. முழுவதையும் பார்க்க முயலற்க. சக்கர நாற்காலியும் செல்லத்தக்க, மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையொன்று 2016இல் அமைக்கப்பட்டது. வட்டரங்கு வாயிலின் வழியே நுழைந்து அப்பாதையிற் செல்க. அவ்வரங்கு கி.மு. 70 அளவில் கட்டப்பட்டது; கல்லாலான உரோம வட்டரங்குகளில் நாமறிந்தவற்றுள் மிகப் பழையது. தெருக்களில் உயர்ந்த கற்களும் வண்டித்தடங்களும் உள்ளமையால் அனைவரும் தட்டையான காலணி அணிதல் வேண்டும்.

வெள்ளி: சலேர்னோவிலிருந்து படகில் அமால்ஃபி. ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது; அன்று சனியின் திட்டத்தை எடுத்துக்கொள்க. துறையிலிருந்து ஊர்ச் சதுக்கம் வரை சமதளம். படியேற இயலாதவருடன் எப்போதும் ஒருவர் இருத்தல் வேண்டும். ஒருவர் இறங்கி வந்தபின் மற்றவர் ஏறுக. பைகளை யாரும் தனியே காக்க வேண்டியதில்லை! இவ்வூரார் பழந்துணியிலிருந்து காகிதம் செய்வதிற் பெயர் பெற்றவர். காகித அருங்காட்சியகமும் உண்டு.

சனி: ஓய்வு நாள். மழைக்கும் காய்ச்சலுக்கும் சலவைக்கும் ஒதுக்கிய நாள் என்றும் கொள்ளலாம். இந்நாளை வெட்ட வேண்டும் என்னும் ஆசை எழும். வெட்டற்க.

ஞாயிறு: புகையிரதத்தில் பேஸ்தும். கிரேக்கர் கி.மு. 600 அளவில் அமைத்த ஊர். கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் மூன்று கற்கோயில்கள் பரந்த சமவெளியில் நிற்கின்றன. இச்சமவெளியெங்கும் எருமை வளர்க்கின்றனர். எருமைத் தயிரின் சுவை அறிந்த நம் மூத்தோர் இங்கே அந்நியராக உணரமாட்டார்.

திங்கள்: நாப்பொலி அருங்காட்சியகம். கி.பி. 79இல் கருகிய, எட்டுக் கூறாக வகுத்த வட்ட ரொட்டி பிள்ளைகளைக் கவரும். 1938இல் பொம்பேயியில் கிடைத்த, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமான இந்தியத் தந்தச் சிற்பமும் இவ்வருங்காட்சியகத்துக்கு உரியது. அது தமிழகத்தில் செய்யப்பட்டதன்று. தக்காணத்திலோ அதற்கு வடக்கிலோ உருவானது. எல்லாவற்றையும் நமதென்று சொல்லாதிருத்தலும் கல்வியின் ஒரு பகுதியே.

செவ்வாய்: வீடு திரும்பல்.

6. உணவு: சைவ உணவினர் கவனிக்க

பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பாற்பொருட்களோ கொண்டுசெல்லத் தடை உண்டு. ஆகவே தயிர்ச்சோறும் நெய்யும் பெட்டியில் வேண்டாம். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை. பருப்புப்பொடி, புளி, மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சிறு பொதிகளாக எடுத்துச் செல்லலாம். சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் இரவில் சோறு சமைத்துக்கொள்ளலாம்.

அங்குள்ள புகழ்பெற்ற எருமைப்பாற் கட்டி மரபு முறைப்படி கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருளால் ஆக்கப்படுவது. கண்டிப்பான சைவ உணவினர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 'மரினாரா' என்னும் பீட்சாவில் பாற்கட்டி இல்லை. தக்காளி, உள்ளி, ஒறெகானோ என்னும் மூலிகை, ஒலிவ எண்ணெய் மட்டுமே. கொண்டைக்கடலையிட்ட பாஸ்தாவும் எளிய நல்லுணவு. இறைச்சித்துண்டு சேர்ப்பதுண்டா என்று கேட்டுக்கொள்க. உயிர்த்த ஞாயிறுக்கெனச் செய்யும் 'பஸ்தியேரா' என்னும் இனிப்பில் வேகவைத்த கோதுமைமணிகள் உள்ளன. ஆனால் முட்டை உண்டு, சிலவற்றில் பன்றிக்கொழுப்பும் உண்டு. பிள்ளைகள் இச்சொற்களைப் பாடமாக்குக: 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி இன்றி, 'சென்சா பெஷ்ஷே' மீன் இன்றி, 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ' பாற்கட்டி இன்றி, 'கிராட்சியே' நன்றி.

7. மெல்ல நடப்பவர் கண்டது

முதற் பயணத்துக்குப் பல ஆண்டுகளின் பின் இத்திட்டத்தின்படி மீண்டும் சென்றோம். அம்மாவின் நடை இன்னும் தளர்ந்திருந்தது. பொம்பேயித் தெருவொன்றில், பழைய ரொட்டிக்கூடத்தின் முன் அவர் நின்றுவிட்டார். உள்ளே எரிமலைக் கல்லாற் செய்த திரிகைகள் வரிசையாக நின்றன. முதன்முறை சென்றபோது அவ்வழியே நாங்கள் ஓடியிருந்தோம். திரிகைகளை நான் கண்ட நினைவில்லை.

"இது எங்கட வீட்டுத் திரிகை மாதிரித்தான்; ஆனா நிண்டுகொண்டு இருக்குது" என்றார் அம்மா. மேற்கல் எப்படிச் சுழலும், தானியத்தை எங்கே இடுவது, மா எவ்வழி விழும் என்று கைகளாற் காட்டினார். பேரப்பிள்ளைகள் இருவரும் நிலத்தில் அமர்ந்துவிட்டனர். பின்னர் தம் ஊரைப் பற்றிச் சொன்னார். தாயும் பெரியதாயும் எதிரெதிரே இருந்து உழுந்து உடைத்ததையும், வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில் அத்திரிகையைக் கிணற்றடியில் விட்டு வந்ததையும் சொன்னார். ஏறத்தாழ அரைமணி நேரம் சென்றது. திட்டத்திலிருந்த இரண்டு வீடுகளை நாங்கள் பார்க்கவில்லை. நான் அறியாத செய்திகள் அவற்றுள் இருந்தன. என் தாயாரிடம் அவற்றைக் கேட்க எனக்கு ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை.

அவ்விடத்தில் எடுத்த படம் எங்கள் வீட்டில் மாட்டப்பட்டிருக்கின்றது. நடுவில் அம்மா, இருபுறமும் பிள்ளைகள், பின்னால் திரிகைக் கல். அம்மா இன்று எம்மோடு இல்லை. படம் இருக்கின்றது.

பெற்றோர்களே! வரும் வசந்த விடுமுறைக்கான திட்டத்தை உங்கள் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். நான்கு வினாக்களையும் அவர்களே தமிழில் எழுதி விடை காணட்டும். மாணவர்களே! வலி என்னும் இரண்டாம் வினாவை எழுதுமுன் உங்கள் வீட்டில் மெல்ல நடப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை பூங்காவைச் சுற்றி வாருங்கள். திட்டம் அங்கே தொடங்கட்டும்.

பயிற்சி

1. உங்கள் குடும்பப் பயணத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக.

2. ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று ஐந்து தலைப்புகளிலும் சேர்த்து 2,400 பவுண் செலவாகும் எனக் கணித்தது. பத்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்குச் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

3. கட்டுரையாசிரியர் பொட்சுவோலியை ஏன் விட்டுவிட்டார்? நீங்களாயின் என்ன செய்திருப்பீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் வீட்டு மூத்தோரிடம் அவர் பிறந்த வீட்டிலிருந்த பொருளொன்றைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வருக.

அருஞ்சொற்பொருள்

அகழ்தல் - தோண்டி எடுத்தல்
கைவிசேடம் - புத்தாண்டில் மூத்தோர் கொடுக்கும் பணம்
திரிகை - தானியம் அரைக்கும் அல்லது உடைக்கும் சுழற்கல்
மரக்கலம் - கப்பல்
யவனர் - கிரேக்கர், உரோமர் முதலிய மேலைநாட்டார்
வதிதல் - வாழ்தல், தங்குதல்